எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு: மலையில் இருப்பவர்களுக்கு மாத்திரைக் கணக்கு

எடைக்குறைப்பு அறுவையைக் கோவையிலோ மதுரையிலோ செய்துகொண்டு ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் என்று மலையேறி வந்தபின், தையல் ஆறிவிடும். எடையும் மளமளவென்று இறங்கும். சத்துக் குறைவு மட்டும் அப்போது தலைகாட்டாது. கல்லீரலில் சேர்ந்து கிடக்கும் பி12 ஓரிரு ஆண்டுகள் தாங்கும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். பாதம் மரத்துப்போகும்போது நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவதால் அமிலம் குறைகிறது. பி12-ஐ உடல் ஏற்க உதவும் புரதமும் குறைகிறது. இரைப்பை பைபாஸில் முன்சிறுகுடலையே உணவு தொடாமல் கடந்துபோகிறது. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் இடம் அதுதான். ஆகவே எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். (வேறு டாக்டரிடம் போகும்போது வெறுமனே "பைபாஸ் ஆச்சு" என்று சொல்லாதீர்கள், இதய அறுவை என்று நினைத்துக்கொள்வார்கள். "இரைப்பை பைபாஸ்" என்றே சொல்லுங்கள்.)

ஸ்லீவ், பைபாஸ் இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் தினசரி அளவு இது: பி12 வாய்வழியாக 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. தயாமின் எனும் பி1 குறைந்தது 12 மி.கி., முடிந்தால் 50. இரும்பு 45 முதல் 60 மி.கி.; ஸ்லீவ் செய்த, ரத்தசோகை இல்லாத ஆண்களுக்கு 18 போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். கால்சியம் உணவையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி. வைட்டமின் டி 3000 யூனிட். ரத்தத்தில் 30 நானோகிராமைத் தாண்டியபின் அளவை மாற்றலாம். ஃபோலேட் 400 முதல் 800 மைக்ரோகிராம், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு 800 முதல் 1000. துத்தநாகமும் தாமிரமும் நல்ல மல்டிவைட்டமினிலேயே இருக்கும். உங்கள் அறுவை மருத்துவர் எழுதித் தந்த சீட்டில் அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பது

மருந்துக்கடையில் ஏமாறுவது இங்கேதான். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் நிஜமான கால்சியம் 500 மி.கி. மட்டுமே. சிட்ரேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்: 1000 மி.கி. சிட்ரேட்டில் சுமார் 210. அட்டையில் "தனிமக் கால்சியம்" (elemental calcium) எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள். அமிலம் குறைந்த வயிற்றுக்குச் சிட்ரேட்டே நல்லது. கார்பனேட்தான் கிடைத்தது என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். எதுவாக இருந்தாலும் ஒரு வேளைக்கு 500–600 மி.கி.க்கு மேல் போட்டால் மிச்சம் வீண்.

இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு; பி12, தயாமின், துத்தநாகம் எதுவும் இல்லை. அது மல்டிவைட்டமினுக்கு ஈடாகாது. மிட்டாய் போல மெல்லும் "கம்மி" (gummy) வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பே இருக்காது. மெல்லமெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகள் பைபாஸ் ஆனவர்களுக்குக் கரைவதற்குள் கடந்துபோய்விடும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

60,000 யூனிட் வைட்டமின் டி பொடி வாரத்துக்கு ஒன்று, இத்தனை வாரம் என்றுதான் எழுதித் தருவார்கள். அந்த வாரங்கள் முடிந்தபின் தாமாகவே வாங்கித் தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கோளாறு வரை கொண்டுபோகும்.

டீயும் இரும்பும்

மலையில் ஒரு நாளைக்கு நாலைந்து டீ சாதாரணம். குளிர் அப்படி. ஆனால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலில் உள்ள கால்சியமும் தடுக்கும். டீயை விடச் சொல்லி யாரும் விட்டதாகத் தெரியவில்லை, எனவே இரும்பை நகர்த்துவதே நடக்கிற காரியம். காலை டீ எப்போதும்போல் இருக்கட்டும். எட்டரை மணிக்கு டிபனோடு கால்சியம் 500. பதினொரு மணி டீக்குப் பிறகு, ஒரு மணிச் சாப்பாட்டோடு மல்டிவைட்டமினும் வைட்டமின் டியும். கொழுப்புள்ள உணவோடு டி நன்றாகச் சேரும். நாலரைக்கு அடுத்த கால்சியம், அதனுடன் டீ குடித்தாலும் பாதகமில்லை. கடைசி டீ ஆறு மணிக்குள். ஏழு மணிக்கு இரவு உணவு. ஒன்பதரைக்கு இரும்பு மாத்திரை, கொஞ்சம் நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ கலந்த தண்ணீரோடு. போட்டவுடன் படுக்காதீர்கள், ஸ்லீவ் ஆனவர்களுக்கு நெஞ்செரிச்சல் வரும், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி.

பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தைப் பார்த்துச் சொல்வது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மி.கி. இரும்புகூட இல்லை. அறுவைக்குப் பின் தட்டில் கொள்வதே கொஞ்சம். அந்த இடத்தை முட்டை, மீன், ஆட்டு ஈரல், சுவரொட்டி, பயறு இவற்றுக்குக் கொடுங்கள்.

ரத்தப் பரிசோதனை

அறுவைக்குப் பின் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின். பைபாஸ் என்றால் துத்தநாகமும் தாமிரமும் சேர்த்து.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடல் தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிவைக்கும், இந்த உயரத்தில் ஏறக்குறைய ஒரு கிராம். சமவெளியில் பெண்களுக்கு 12 என்பது எல்லை, ஊட்டியில் 12.2 இருக்கும் பெண்ணுக்கு லேப் தாளில் "இயல்பு" என்று வரும், உள்ளே ரத்தசோகை இருக்கும். அதனால் ஃபெரிட்டினைக் கேட்டு எடுங்கள். அது 30-க்குக் கீழே என்றால் இரும்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். குணமான பிறகு எடுங்கள். பி12 ஊசி போடுகிறவர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன் ரத்தம் கொடுக்க வேண்டும். முடிக்காகப் பயோட்டின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு முடிவையே மாற்றிக் காட்டிவிடும்.

முடி விஷயத்தில் இன்னொன்று. மூன்றாம், நாலாம் மாதம் முடி கொட்டுவது எடை வேகமாக இறங்குவதால் வருவது. புரதம் தினம் 60 கிராமாவது சேர்ந்தால் தானாகத் திரும்பும். பயந்துபோய் 50 மி.கி. துத்தநாகத்தை மாதக்கணக்கில் விழுங்கினால் தாமிரம் இறங்கிவிடும். தாமிரக் குறைவு அச்சு அசலாகப் பி12 குறைவு போலவே இருக்கும்: ரத்தசோகை, தள்ளாட்டம், கால் மரப்பு.

கால் மரப்பைக் குளிரின் மேல் போட்டுவிடுவது மலையில் எளிது. குளிரால் வந்தது அடுப்பருகே உட்கார்ந்தால் போய்விடும். கம்பளிக்குள்ளும் இரண்டு பாதமும் ஒரேபோல் எரிகிறது, குத்துகிறது என்றால் அது நரம்பு. அந்த வாரமே பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு ஒமெப்ரசோல் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 இன்னும் சீக்கிரம் இறங்கும்.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் மருந்து வரத்தும் தாமதமாகும். ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் ஒரு மாதச் சரக்கைக் கூடுதலாக வைத்திருங்கள்.

வாந்தி நிற்கவில்லை என்றால்

இதில் மட்டும் காத்திருக்கக் கூடாது. தயாமின் உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கே இருப்பு. தொடர்ந்து வாந்தி, கஞ்சித் தண்ணீர் மட்டும் உணவு என்று ஓடினால் அது தீர்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் வரும் வாந்தி இறங்கியதும் நிற்கும். இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது பயண வாந்தி அல்ல. பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தயாமின் அளவு பார்க்கும் பரிசோதனை முடிவுக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

அங்கே சோர்ந்துபோய் வந்தவருக்கு முதலில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவது வழக்கம். தயாமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், இருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இந்த வரியை ஒரு சீட்டில் எழுதி, பர்ஸில் ஒன்றும் வீட்டில் இருப்பவரிடம் ஒன்றுமாகக் கொடுத்துவையுங்கள்: "இரைப்பை அறுவை ஆனவர். குளுக்கோஸுக்கு முன் தயாமின் ஊசி போடவும்." கீழே அறுவையின் பெயர், தேதி, அறுவை மருத்துவரின் தொலைபேசி எண்.