மூன்று ஜம்ப்பும் ஃபவுல் ஆகாமல் இருக்க

காலேஜ் கிரவுண்டில் ஆறரை மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகிற பையன், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற மீட்டில் மூன்று தடவையும் சிவப்புக் கொடி வாங்கிவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து ஷூ லேஸைக் கழற்றிக்கொண்டிருப்பான். அந்தப் பையனாக நானும் இருந்திருக்கிறேன். காலில் பலம் இல்லாமல் இல்லை, அளவுதான் இல்லை. லாங் ஜம்ப்பில் முதல் மூன்று வாய்ப்பில் ஒன்றாவது தேறி எட்டுப் பேருக்குள் வந்தால்தான் பாக்கி மூன்று கிடைக்கும். அதனால் ரன்-அப், அதாவது குதிப்பதற்கு முன்னால் ஓடி வருகிற தூரம், அதை அளவெடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குதிக்கிற காலைப் போர்டில் (எம்புகிற பலகையில்) ஊன்றி, மணல் குழிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அங்கிருந்து மீட்டில் ஓடுகிற அதே வேகத்தில் 16 எட்டு, அதாவது 16 தப்படி, ஓடுங்கள். முதல் தப்படி மற்றக் கால், பதினாறாவதில் குதிக்கிற கால் விழும். அது எங்கே விழுகிறது என்று ஒரு கூட்டாளியைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே குனிந்து பார்த்தால் ஓட்டம் கெட்டுவிடும். ஒரே ஓட்டத்தில் முடிவுகட்ட வேண்டாம். ஆறு தடவை ஓடினால் நான்கு தடமாவது பக்கம் பக்கமாக விழும், தள்ளி விழுந்ததை விட்டுவிட்டு மற்றதற்கு நடுவே குறி வையுங்கள். அப்புறம் குறியில் இருந்து போர்டைப் பார்த்து ஓடி, முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யுங்கள். போர்டின் அகலமே 20 சென்டிமீட்டர், விரித்த கை ஒரு சாண் அளவுதான்.

சரியாக வந்ததும் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து எண்ணி நோட்டில் எழுதிவிடுங்கள். எனக்கு 108 அடி. டேப் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், மீட் அன்று காலேஜ் டேப் டிஸ்கஸ் பக்கம் போயிருக்கும்.

இனிமேல்தான் நம்ம ஊர் விஷயம். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நுழைகிற மேல்காற்று ஆடி முடிந்த பிறகும் லேசில் விடாது. அது முதுகில் தள்ளினால் தப்படி நீளும், பழைய குறியில் இருந்தே ஓடினால் கால் போர்டைத் தாண்டித்தான் விழும். குறியைப் பின்னால் தள்ளுங்கள். எதிர்க்காற்று என்றால் முன்னால். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், எனக்கு அரை அடியில் ஆரம்பித்து நல்ல காற்றுக்கு ஒரு அடி வரை போகும். நடுவரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரு நூலைக் குச்சியில் கட்டி வைத்துப் பாருங்கள். பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அந்தத் தூரம் சாதனைக் கணக்கில் சேராது, ஆனால் அன்றைய மெடலுக்குச் சேரும். அதனால் காற்றைத் திட்ட வேண்டாம்.

மண் கிரவுண்டில் பழகியவர்கள் ரப்பர் மாதிரியான சிந்தட்டிக் தளத்தில் ஏறினால் அதே கதைதான், தளமே தூக்கிவிடும். முந்தின நாளே போய் நான்கு ஓட்டம் ஓடிப் பாருங்கள். ஸ்பைக் ஷூவில் மண்ணுக்குப் போட்ட நீள ஆணி (பின்) இருந்தால் மாற்றுங்கள், சிந்தட்டிக்கில் லாங் ஜம்ப்புக்கு 9 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. பின் கழற்றுகிற சாவியை மறந்துவிட்டு ஊரெல்லாம் கடன் கேட்டு அலைவதும் நான்தான்.

ரன்வேயில் சாக்பீஸால் கோடு போடக் கூடாது, ஓரத்தில் டேப் துண்டு ஒட்டலாம், அதுவும் இரண்டுதான். 2021 வரை போர்டை ஒட்டி மணல் பக்கம் வைக்கிற களிமண் மாதிரியான பிளாஸ்டிசினில் தடம் பட்டால் ஃபவுல். இப்போது கால் தரையை விட்டு எழும்புவதற்குள் ஷூ முனை போர்டின் மணல் பக்க விளிம்புக் கோட்டுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தாலே போச்சு. எனவே முதல் ஜம்ப்புக்குக் குறியை வேண்டுமென்றே முக்கால் அடி பின்னால் வையுங்கள். ஒரு இருபது சென்டிமீட்டர் போனால் போகட்டும், ஒரு தூரம் ஷீட்டில் ஏறிவிட்டால் அடுத்த இரண்டிலும் பயமில்லாமல் ஓடலாம்.

2023 மார்ச்சில் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை வைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் நம்ம சாத்தான்குளம் பக்கத்து முதலூர்க்காரர்தான். அந்த ஊர் மஸ்கோத் அல்வா மீட் முடிந்து சாப்பிட. காலையில் மூன்று இட்லி, ஒரு பழம், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே.

பெயர் கூப்பிட்டதும் ஓடிவிடாதீர்கள். நூலைப் பாருங்கள், ஒரு நிமிஷம் இருக்கிறது.