மலை ரயிலில் முன்பதிவு கிடைக்காதவர்களுக்கு

நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைக்காவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டாம்; பேருந்தில் குன்னூர் வரை சென்று, அங்கிருந்து உதகைக்கு ரயில் ஏறுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வழக்கமான நாள்களில் காலையில் ஒரே ஒரு வண்டிதான் மலையேறுகிறது என்பதால் அதன் இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. குன்னூருக்கும் உதகைக்கும் இடையிலோ நாளொன்றுக்குப் பல வண்டிகள் ஓடுவதோடு, முன்பதிவில்லாப் பெட்டிக்கான சீட்டை நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய சிற்றூர்களைத் தொட்டுச் செல்லும் இப்பகுதியில், என் கணிப்பில் கேத்தியில் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பதே சிறந்தது. அதற்கு முன் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வருவோருக்கு, நீலகிரிக்குள் வாகனத்தில் நுழைய இணையவழியில் பெறும் அனுமதியான இ-பாஸ் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளத்தையும் நீராவி எஞ்சினையும் காண்பதே நோக்கமென்றால் இந்த வழி உதவாது. பல்சக்கரப் பாதை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் உள்ளது, குன்னூருக்கு மேல் பெரும்பாலும் டீசல் எஞ்சினே வண்டியை இழுக்கிறது. கோடை விடுமுறையில் முன்பதிவில்லாப் பெட்டியிலும் நெரிசல் மிகுதியாக இருக்கும்.