மருத்துவ ஆய்வின் பயனை அளப்பது எப்படி? ஓ.ஆர்.எஸ். கரைசலை முன்வைத்து ஒரு செய்முறை

ஓர் ஆய்வுக் கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று எண்ணுவது எளிது. அந்த ஆய்வால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கிடுவதுதான் கடினம். இந்தக் கடினமான வேலையை முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்காக, வயிற்றுப்போக்குக்குத் தரப்படும், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலை எடுத்துக்கொண்டு படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: கண்டுபிடிப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், யாருக்கு, எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். நமக்கு அது இப்படி அமையும்: "குழந்தைக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதும் வீட்டில் இருப்பவரே உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் கொடுக்க வேண்டும்."

படி 2: தொடக்கச் சான்றை எடைபோடுங்கள்

1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, கரைசல் பெற்றவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. எனினும் இது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனை அன்று என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: அறிந்தவர்களையும் செய்தவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான் என்பதால், சற்று நின்று பார்ப்போம். 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரல்களால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) நீரில் கரைக்கக் கற்றுக்கொடுத்தது. பின்னர் வேறொரு கண்காணிப்பாளர் சில வீடுகளுக்கு மட்டும் சென்று, தாய்மார்கள் எத்தனை குறிப்புகளை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். அந்த விடைகளைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம். தாய்மார்கள் கலந்து காட்டிய கரைசலின் உப்பளவும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. நேர்த்தியான அளவீடு இது. ஆயினும் கற்றுக்கொண்ட தாய்மார்களில் பலர், குழந்தைக்கு நோய் வந்தபோது கரைசலைக் கொடுக்கவில்லை என்று தெரியவந்தது. காரணம் தேடியபோது, கற்பித்த பணியாளர்களிலேயே சிலர் தங்களுக்கு நோய் வந்தால் மாத்திரையையே நம்பினார்கள் என்பது வெளிப்பட்டது. அறிவை மட்டும் அளந்து நிறுத்தியிருந்தால் இந்த உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது.

படி 4: வகுக்கும் எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

விற்பனையான பாக்கெட்டுகளின் எண்ணிக்கை போதாது. கரைசல் தேவைப்பட்ட குழந்தைகளில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று பார்க்க வேண்டும்; தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையே வகுக்கும் எண். இந்தியாவின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, முந்தைய இரண்டு வாரங்களில் வயிற்றுப்போக்கு வந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களில் எத்தனை பேருக்கு ஓ.ஆர்.எஸ். கிடைத்தது என்று கேட்கிறது. 2015–16இல் 50.6 சதவீதமாக இருந்த இந்த விகிதம், 2019–21இல் 60.6 சதவீதமானது. உங்கள் ஊரில் சிறிய அளவில் கணக்கெடுத்தாலும் இதே கேள்வியை இதே இரண்டு வார வரம்புடன் கேளுங்கள். அப்போதுதான் தேசிய விகிதத்துடன் ஒப்பிட இயலும்.

படி 5: பிற காரணங்களைப் பிரித்தெடுங்கள்

குழந்தை இறப்பு குறைந்ததற்குக் குடிநீர், கழிப்பறை, தட்டம்மைத் தடுப்பூசி, 2016 முதல் இந்தியாவில் அறிமுகமான ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஆகியவையும் காரணம். ஆகவே குறைந்த இறப்புகள் முழுவதையும் ஒரே ஆய்வின் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது. ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எந்த மாவட்டத்தில் வந்தது என்று அட்டவணையிட்டு, கரைசல் மட்டும் பரவி மற்றவை இன்னும் வராத இடங்களைத் தேடிப் பாருங்கள்.

படி 6: கிடைக்காதவர்களைப் பற்றி எழுதுங்கள்

மீதமுள்ள ஏறத்தாழ 40 சதவீதக் குழந்தைகளுக்கு ஏன் கரைசல் போய்ச் சேரவில்லை என்பதற்கு அறிக்கையில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அருகில் பாக்கெட் இல்லையா, இருந்தும் நம்பிக்கை இல்லையா, மருத்துவம் பார்த்தவரே வேறு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தாரா என்ற மூன்று கேள்விகளையும் அந்தந்த வீட்டுத் தாயிடமே நேரில் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.