நான்கு மேசை, ஒரே கண்ட்ரோல் ரூம்: அலாரம் யாருக்கு என்று காதுக்கே தெரியும்படி அமைப்பது எப்படி?

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழம் வந்து குவியத் தொடங்கினால் இரவும் பகலும் ஓட்டம்தான். நான் வேலை பார்க்கும் ஆலையில் பாய்லர், ஸ்டெரிலைசர், அம்மோனியா குளிரூட்டல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நான்கையும் ஒரே அறையில் நான்கு பேர் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். இப்படிப்பட்ட அறையில் ஒரு பீப் வந்தால் நான்கு தலையும் நிமிரும். தன்னுடையது இல்லை என்று மூன்று பேர் குனிந்துகொள்வார்கள். சீசன் சூடு பிடித்ததும் நான்காவது ஆளும் நிமிர மாட்டார். அலாரம் ஒலிகளை நாங்கள் மாற்றி அமைத்தது இதனால்தான். எங்கள் வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்காடாவில் (ஆலையைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்) டேக் உருவாக்குவது, பி.எல்.சி.யிலிருந்து (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அவுட்புட் எடுப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் பட்டியலை வெட்டுங்கள்

ஒரு மாத அலாரம் பதிவை எக்செலில் இறக்குங்கள். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், பிவட் டேபிள் போதும். ஒவ்வொரு அலாரத்துக்கும் ஒரே கேள்வி: இது அடித்தால் அந்த ஆள் உடனே என்ன செய்ய வேண்டும்? பதில் இல்லை என்றால் அது அலாரம் இல்லை. "பம்ப் ஓடத் தொடங்கியது" என்பது பதிவேட்டில் இருந்தால் போதும், ஒலிக்கத் தேவையில்லை.

1994 ஜூலையில் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் மேல் வந்து விழுந்தவை 275 அலாரங்கள். அவற்றில் முக்கியமானது எது என்று எந்த மனிதரால் பிரிக்க முடியும்?

இங்கிலாந்தின் ஈமுவா (தொழிற்சாலைச் சாதனப் பயனர்களின் சங்கம்) வெளியிட்ட 191-ஆம் எண் அலாரம் வழிகாட்டி, ஓர் ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு அலாரத்துக்கும் குறைவாக இருப்பது நல்லது என்கிறது. இது ஓர் ஆளுக்கான கணக்கு. நான்கு பேரும் அந்த எல்லையில் இருந்தால் அறைக்குள் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை ஏதோ ஒன்று கத்தும், அதை நான்கு பேரும் கேட்பார்கள். அதனால் ஆளுக்கு எவ்வளவு என்று எண்ணுவதோடு, அறைக்கு எவ்வளவு என்றும் எண்ணுங்கள்.

2. படபடக்கும் அலாரங்களை அடக்குங்கள்

கூழ்த் தொட்டியில் கலக்கி சுழலும்போது மட்டம் அலையடிக்கும், அலாரம் வந்து வந்து போகும். மட்டத்துக்கு 5 சதவீத டெட்பேண்ட் (அலாரம் அடங்க அளவு எல்லையிலிருந்து விலக வேண்டிய இடைவெளி), 60 விநாடி தாமதம் என்று ஆரம்பியுங்கள். வெப்பநிலைக்கு 1 சதவீதம், 60 விநாடி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள். ஸ்டெரிலைசரில் வெப்பம் இறங்கும்போது 60 விநாடி காத்திருந்தால் கூழ் ஹோல்டிங் டியூபை (சூடான கூழ் குறிப்பிட்ட நேரம் தங்கிச் செல்லும் குழாய்) தாண்டிவிடும். அங்கே சூடு போதாத கூழைத் திருப்பி விடும் வால்வு தானாக வேலை செய்யும்தான். ஆனால் அது திரும்புவதற்கு முன்பே ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டும், எனவே அலாரத்தை வால்வு திரும்பும் புள்ளிக்கு மேலே வையுங்கள். பாய்லர் நீர்மட்டம், அம்மோனியா கசிவு இரண்டிலும் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

3. அறையின் இரைச்சலை அளந்து பாருங்கள்

ஆபரேட்டரின் காது இருக்கும் உயரத்தில், பல்பர் (பழத்தைக் கூழாக்கும் இயந்திரம்) முழு வேகத்தில் ஓடி, கதவு திறந்திருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். போன் ஆப் எனக்குப் பிடிக்காது, ஒவ்வொரு போனும் ஒரு எண் காட்டும். ஆலையின் பாதுகாப்புப் பிரிவிடம் இருக்கும் கையடக்க ஒலி மீட்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரைச்சலுக்கு மேல் குறைந்தது 15 டெசிபல் என்பது ஐ.எஸ்.ஓ. 7731 ஆபத்து ஒலிகளுக்குச் சொல்லும் அளவு. அறை 62 என்றால் 77-இல் தொடங்குங்கள். அதற்கு மேல் 10 டெசிபல் தாண்டினால் ஆள் திடுக்கிட்டு, திரையைப் பார்ப்பதற்கு முன்பே சைலன்ஸ் பட்டனைத் தேடுவார்.

4. ஒலியை உருவாக்குவது

எங்களை நீண்ட நாள் மடக்கி வைத்த படி இது. பேனலில் வரும் சின்ன பஸ்ஸரை நான் இனி எந்தக் கண்ட்ரோல் ரூமுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒற்றை ஒலி அது. அந்த வரம்பில் தனி ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சரியாகச் சொல்ல முடியாது. கண்ணாடித் தடுப்பில் பட்டுத் திரும்பினால் குழப்பம் இன்னும் கூடும். பல வருடம் பாய்லர் பக்கத்தில் நின்ற அண்ணன்களுக்கு முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேட்கும் திறன்தான். அவர்களுக்கு மிக அவசியமான ஒலியை அவர்கள் காது மிகக் குறைவாகக் கேட்கும் இடத்தில் வைக்கிறோம்.

மாற்று இதுதான். அடிப்படை ஒலி 300 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும், அதன் மேல் அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு என்று நான்கைந்து ஒலிகளைச் சேருங்கள். இரைச்சல் ஒன்றை விழுங்கினாலும் மற்றவை கேட்கும், திசையும் தெரியும். ஒலியை உருவாக்க ஆடாசிட்டி மென்பொருள் போதும், இலவசம். ஒவ்வொரு துடிப்பின் தொடக்கத்திலும் 20 முதல் 30 மில்லிவிநாடி ஃபேட் இன் (ஒலி மெல்ல எழுவது) கொடுத்தால் ஒலி முகத்தில் அறையாது.

அடுத்தது முக்கியம். மேசைக்கு மேசை சுதியை மட்டும் மாற்றினால் போதாது. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து ஒலித்தால் எவரும் பிரித்துச் சொல்வார், இரண்டு நாதஸ்வரத்தில் எது யாருடையது என்று சொல்ல வித்வான் வேண்டும். ஆகவே ஒலியின் குணத்தையும் தாளத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பாய்லருக்கு "தான் தான் தந்த", ஸ்டெரிலைசருக்கு "தந்தத் தான்" என்று வாயால் சொல்லும்படி இருந்தால் புதியவரும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

தாளம் சொல்வது யாருக்கு என்பதை. வேகம் சொல்வது எவ்வளவு அவசரம் என்பதை. இரண்டையும் கலக்காதீர்கள். ஒலிக்கு இரண்டு நிலை மட்டும் வையுங்கள், மூன்றாம் நிலை அலாரம் திரையில் சத்தமில்லாமல் வரட்டும்.

பிறகு சோதனை. ஆபரேட்டர்கள் திரைக்கு முதுகு காட்டி உட்காரட்டும். ஆலை இரைச்சலோடு ஒலிகளைக் கலைத்துப் போடுங்கள். முதலில் "யாருக்கு?", அப்புறம் "அவசரமா?" என்று கேளுங்கள். இரண்டு மேசைகள் மாறி மாறிக் குழம்பினால் அந்த இரண்டையும் திரும்பச் செய்யுங்கள்.

5. ஸ்பீக்கரும் பட்டனும்

ஸ்பீக்கர் அந்தந்த மேசையில், ஆளின் முன்னால். கூரையில் ஒன்று மாட்டி எல்லாருக்கும் பொதுவாக்கினால் நாலாவது படியின் உழைப்பெல்லாம் வீண். அம்மோனியா வெளியேற்றச் சைரன் ஆலை முழுவதற்குமானது, அதைத் தனியாகவே விடுங்கள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டி அணைக்கும் வழி இருக்கக் கூடாது. ஒருவர் டீ குடிக்கப் போனால் "என் மேசையை இவர் பார்க்கிறார்" என்று மாற்றிவிடும் தேர்வு ஒன்று திரையில் வேண்டும். மாற்றியதும் அவர் ஒலி இவர் ஸ்பீக்கரில், அதே தாளத்தில் வரும். சத்தத்தை நிறுத்தியும் யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், சிறிது நேரத்தில் மறுபடி ஒலிக்க வேண்டும்.

பின்சேர்க்கை

ஓசூரிலிருந்து ஒரு வாசகர், தாளத்துக்குப் பதில் குரலில் சொன்னால் என்ன என்று கேட்டிருந்தார். எங்கள் ஷிப்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுபவர்கள் இருக்கிறார்கள். எந்த மொழியில் சொல்வது? இரண்டு அறிவிப்பு ஒன்றாக வந்தால் இரண்டுமே புரியாது. வெளியேறச் சொல்லும் அறிவிப்புக்குக் குரல் சரி, மற்றவற்றுக்கு வேண்டாம்.

இன்னொருவர் எழுப்பியது கரண்ட் பிரச்சினை. ஈ.பி. சப்ளை போனதும் எல்லா மோட்டாரும் நிற்க, எல்லா மேசையும் ஒரே நேரத்தில் கத்துகிறதாம். சப்ளை போன நிலையை பி.எல்.சி.யில் எடுத்து, அதனால் மட்டுமே நிற்கும் மோட்டார்களின் ஒலியை அடக்கி, அறைக்கு ஒரே ஒரு "சப்ளை இல்லை" அலாரமாக்குங்கள். பாய்லர் நீர்மட்டமும் அம்மோனியா கசிவும் அப்போதும் ஒலிக்க வேண்டும். ஸ்பீக்கர்களின் ஆம்ப்ளிபயரை யு.பி.எஸ்.ஸில் இணைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.