பழைய காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றுவது: அவிழ்ப்பதில்தான் பொறுமை, இறுக்குவது கடைசியில்

பின் சைலன்சரில் ஓட்டை விழுந்தால் அதை மட்டும் வாங்கி மாட்டத் தோன்றும். பழைய காரில் அது பெரும்பாலும் வீண் வேலை. துரு குழாயை உள்ளிருந்துதான் அரிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும் வண்டியில் குழாய் முழுக்கச் சூடேறாது. ஆவி குளிர்ந்து, எஞ்சினுக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் பின் சைலன்சரில் தேங்கும். அங்கே ஓட்டை தெரியும்போது நடுக்குழாயும் பாதி இளைத்திருக்கும். சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், இற்றது மொத்தென்று சத்தம் போடும்.

சாதா இரும்பு, அலுமினியப் பூச்சுள்ள இரும்பு, ஸ்டெயின்லெஸ் என மூன்று வகையில் கிடைக்கும். அடிக்கடி ஓடாத வண்டிக்கு ஸ்டெயின்லெஸ்தான் லாபம். அதிலும் 409, 304 என்ற ரகங்கள் உண்டு. 409-இல் காந்தம் ஒட்டும், மேலே பழுப்புக் கறை படியும், ஆனால் நன்றாக உழைக்கும். 304 பளபளப்பு மாறாமல் இருக்கும். கூடவே மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து வரும் புகையைத் திரட்டும் வார்ப்பு) கேஸ்கட் (மூட்டில் கசிவைத் தடுக்கும் தகடு), மேனிஃபோல்டோடு சேரும் முன்குழாயின் மூட்டுக்கான கேஸ்கட் அல்லது வளையம், எல்லா கிளாம்புகள், குழாயைத் தொங்கவிடும் எல்லா ரப்பர்கள், புது ஸ்டட்கள் (தலையில்லாத, மரையுள்ள கம்பிகள்), பித்தளை நட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பித்தளை நட்டு இரும்பு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது, அடுத்த முறை கையோடு வரும். பழைய ரப்பரைத் திரும்ப மாட்டும் சிக்கனம் வேண்டாம்.

பழையதைக் கழற்றும் முன் புதியதைத் தரையில் பரப்பி, வளைவுகளையும் பிராக்கெட் இடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து முன்குழாய் வேறுபடும்.

காரை கான்கிரீட் தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. பின்பக்க ஸ்டாண்ட் அச்சுக்கு அடியில் இருக்கட்டும். பாடிக்கு அடியில் வைத்தால் அச்சு தொங்கிவிடும். அந்த நிலையில் அளந்து மாட்டிய குழாய், கார் இறங்கி நின்றதும் அச்சில் இடிக்கும்.

வேலையின் பாதி நேரம் முன்பக்க நட்டுகளிலேயே போய்விடும். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், காலையில் இன்னொரு முறை. பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், ஆறு முனை சாக்கெட்தான் நட்டின் முகத்தைப் பிடிக்கும். கால் சுற்று தளர்த்தி நிறுத்துங்கள், எண்ணெய் விட்டு அரைக்கால் சுற்று திரும்ப முறுக்குங்கள், மறுபடி தளர்த்துங்கள். கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். நட்டு கிரீச்சென்று நகர்ந்தால் நல்லது. சத்தமே இல்லாமல் ஸ்பேனர் மெத்தென்று வளைந்து, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால், சுற்றுவது நட்டு அல்ல, முறுக்கேறுவது ஸ்டட். அங்கேயே நிறுத்தாவிட்டால் உடையும்.

கேஸ் டார்ச்சால் நட்டைச் சூடாக்கினால் இளகும் என்பது உண்மைதான். ஆனால் பல பழைய எஞ்சின்களில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். அங்கே தீ வைத்து விளையாடாமல், நட்டு பிளக்கும் கருவியால் நட்டை வெட்டி எடுப்பதே மேல். ஸ்டட் உடைந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம். ஸ்டட் பதிந்திருக்கும் முகத்தோடு சமமாக உடைந்தால் நட்ட நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய டிரில்லில் தொடங்குங்கள். ஈஸி-அவுட் (அந்தத் துளையில் செருகி ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) உள்ளே உடைந்தால் நிலைமை இன்னும் மோசம், அந்த எஃகை சாதாரண டிரில் தொடாது.

பின்னால் உள்ள துண்டுகளில் இந்த நிதானம் தேவையில்லை, தூக்கிப் போடும் பொருள்தானே. ரம்பத்தால் அறுத்து இறக்குங்கள். கிரைண்டர் பிடிப்பதானால் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீரில் நனைத்து, கையால் சுரண்டி, பையில் கட்டிவிடுங்கள். சுழலும் வயர் பிரஷ்ஷை அதன்மேல் வைக்கவே கூடாது. சுத்தமானதும் மேனிஃபோல்டு முகத்தில் நேர்விளிம்பை (துல்லியமாக நேரான பட்டையை) வைத்துப் பாருங்கள். அதற்கடியில் 0.2 மி.மீ. ஃபீலர் பிளேடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகத்தைச் சமன் செய்யக் கொடுக்க வேண்டும், எந்த கேஸ்கட்டும் அந்தக் கோணலை நெடுநாள் தாங்காது.

எஞ்சின் மவுண்ட் ரப்பர்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அவை தளர்ந்திருந்தால் எஞ்சின் ஒவ்வொரு முறை ஆடும்போதும் குழாய்தான் முறுக்கைத் தாங்கும். பழைய மினி காரில் எஞ்சின் குறுக்கே இருப்பதால் இது இன்னும் கடுமை, எஞ்சினைப் பிடித்திருக்கும் ஸ்டெடி பாரின் ரப்பர் புஷ் தேய்ந்தால் முன்குழாய் மூட்டு திரும்பத் திரும்ப விட்டுப்போகும். கியர்பாக்ஸில் முன்குழாயைப் பிடிக்கும் பிராக்கெட் இருந்தால் அதைத் தவறாமல் மாட்டுங்கள். அதை விட்டுவிட்டால் பாரம் முழுக்க மேனிஃபோல்டு ஸ்டட்டில் இறங்கும்.

மாட்டும்போது ஒரே விதி: எல்லாம் தொங்கும் வரை எதையும் இறுக்காதீர்கள். முன்குழாயை விரலால் திருகி நிறுத்தி, நடுத்துண்டு, சைலன்சர், வால்குழாய் என்று ஒவ்வொன்றாக ரப்பரில் மாட்டிக்கொண்டே போங்கள். ரப்பர் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், எண்ணெயோ கிரீஸோ ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூட்டுகளில் 40 முதல் 50 மி.மீ. வரை உள்ளே போகட்டும். மூட்டை அடைக்கும் எக்ஸாஸ்ட் பேஸ்டை உள்ளே நுழையும் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் தடவுங்கள். மேனிஃபோல்டு கேஸ்கட்டுக்கு பேஸ்ட் வேண்டாம்.

இப்போது குழாயைச் சுழற்றிச் சுழற்றி இடைவெளி சரி செய்யுங்கள். பாடி, அச்சு, புரப்பல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) எதற்கும் 20 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும், பிரேக் ஹோஸுக்கு இன்னும் அதிகம் வேண்டும். ரப்பர்கள் நேராகத் தொங்க வேண்டும், இழுபட்டு நிற்கக் கூடாது. மூன்று மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு 7 மி.மீ., 304 ஸ்டெயின்லெஸ் 10 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு இடமில்லாவிட்டால் பாடியில் இடிக்கும், அல்லது பிராக்கெட்டைப் பிய்க்கும்.

பிறகு இறுக்கத் தொடங்குங்கள். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று தவணையாக, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு. அடுத்து முன்குழாய் மூட்டு, கியர்பாக்ஸ் பிராக்கெட், அதன்பின் கிளாம்புகள் முன்னிருந்து பின்னாக. ஸ்டட் மரையில் காப்பர் கிரீஸ் கொஞ்சம் போதும். யு-கிளாம்பின் நட்டுகள் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். பலம் இருக்கிறதென்று இறுக்கினால் குழாய் நசுங்கி, அடுத்த முறை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

கசிவு பார்ப்பது திறந்த வெளியில்தான். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஒருவர் வால்குழாயைத் தடித்த துணியால் சில நொடி அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகக் காது கொடுக்கட்டும். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். குளிரில் டிக்டிக்கென்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டில் கசிவு. ஆக்சிலரேட்டரை விட்டதும் வால்குழாய் படபடவென்று வெடித்தால், முன் மூட்டு எதுவோ வெளிக்காற்றை இழுக்கிறது. சைலன்சர் அடியில் சிறு துளையிலிருந்து தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள், அது வடிவதற்கென்றே விட்ட துளை. அதை அடைத்தால் புது சைலன்சரும் சீக்கிரம் போய்விடும்.

முதல் ஓட்டத்தில் பூச்சும் எண்ணெயும் எரிந்து புகை வரும், அரை மணியில் அடங்கும். சுமார் 100 கி.மீ. ஓடியபின், முழுக்க ஆறிய எஞ்சினில் எல்லா நட்டுகளையும் அதே வரிசையில் ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். புது கேஸ்கட் அதற்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பித்தளை நட்டு என்பதை மறந்து முறுக்கினால் மரை போய்விடும்.