தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டு ரெக்கார்டிங்: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவது எப்படி?

எங்கள் வீடு சோமனூர் பக்கம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். தறி ஓடினால்தான் எங்களுக்குச் சோறு, நிறுத்தச் சொல்ல முடியாது. இந்த வீட்டில் வைத்துத்தான் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டைப் பதிவு செய்து வருகிறேன். முதல் இன்டர்ஃபேஸ் வாங்கியபோது எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் பணம் வீணானது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

மைக்கிலிருந்து வருவது மிகச் சன்னமான மின்சிக்னல். அதைப் பெருக்கி, எண்களாக மாற்றி, யூஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதுதான் இன்டர்ஃபேஸின் வேலை. பதிவானதை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும் அதுதான்.

படி 1: ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

தனியாகப் பாடிப் பதிவு செய்ய ஒரு மைக் போதும். உடுக்கைப் பாட்டுக்கு இரண்டு வேண்டும், குரலுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று. தனித்தனி டிராக்கில் இருந்தால்தான் உடுக்கை குரலை அமுக்கும் இடத்தைப் பின்னால் சரி செய்ய முடியும். பெட்டியில் ‘2 இன்புட்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் உண்டு, ஆனால் மைக்குக்கு ஒன்றுதான். இன்னொன்று கிடார், கீபோர்டு போன்றவற்றுக்கு. அதே வரிசையில் 2ஐ2 இரண்டு மைக் எடுக்கும். மூன்று பின் எக்ஸ்எல்ஆர் செருகும் துளைகளை எண்ணிப் பாருங்கள்.

படி 2: மைக்கை முடிவு செய்த பிறகே இன்டர்ஃபேஸ்

நான் தவறியது இங்கேதான். முதலில் ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன், சன்னமான சத்தத்தையும் பிடிக்கும் வகை. பாடுபவரை ஒன்றரை அடி தள்ளி உட்கார வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தேன். ஹெட்போனில் கேட்டால், அவர் மூச்சு வாங்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் தறியில் நாடா அடிக்கிற ‘டடக் டடக்’ தெளிவாக விழுந்திருந்தது. அப்புறம் அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காத டைனமிக் மைக் ஒன்றை வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் வைத்தேன். மைக் வாய்க்கு நெருங்க நெருங்கக் குரல் ஏறும், தறிச் சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகு குரலுக்குத் தகுந்த அளவில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, வைத்தால் தறி பின்னுக்குப் போய்விடும். 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான். நம் ஊர் மேடைகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

அமைதியான தோட்டத்து வீடு என்றால் தாராளமாகக் கண்டென்சர் வாங்கலாம். அதற்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். இன்டர்ஃபேஸில் ‘48’ என்று போட்ட பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: கெயின் எவ்வளவு?

டைனமிக் மைக் தரும் சிக்னல் சன்னம், அதனால் இன்டர்ஃபேஸ் அதிகம் பெருக்க வேண்டும். என் முதல் இன்டர்ஃபேஸில் கெயினை முழுக்கத் திருப்பியும் குரல் தாழ்ந்தே இருந்தது, கூடவே ‘உஸ்’ என்ற இரைச்சல். விவரப் பட்டியலில் மைக் கெயின் எத்தனை டெசிபல் என்று தேடிப் படியுங்கள். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபல், 2023-ல் வந்த நான்காம் தலைமுறையில் 69. ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் வேண்டும். தறிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் மற்ற எதைவிடவும் இந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

படி 4: கரண்ட் எங்கிருந்து?

யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மாடலாக வாங்குங்கள். காரணம், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது, தறியும் ஓடாது. லேப்டாப் பேட்டரி நிறைந்திருந்தால் இன்டர்ஃபேஸும் அதிலேயே ஓடும். என்னிடம் இருப்பதில் நல்ல பதிவுகள் பலவும் அந்த நாட்களில் எடுத்தவை. ஃபேன் இல்லாத வேர்வையைப் பாடுபவர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

படி 5: டிரைவரும் தாமதமும்

விண்டோஸ் என்றால், தாமதத்தைக் குறைக்க உதவும் ஏஸியோ (ASIO) டிரைவரைக் கம்பெனியே தருகிறதா என்று பாருங்கள். மேக்கில் இந்தக் கவலை குறைவு. பாடும்போது தன் குரல் தாமதமாகக் காதில் விழுந்தால் தாளம் தப்பும். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு கட்டமாகச் சேர்த்துக் கையாளும், அந்தக் கட்டத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 மாதிரிகள்) பஃபரை 128 மாதிரி வைத்தால் அந்த ஒரு கட்டத்தில் 2.7 மில்லிசெகண்ட், 1024 வைத்தால் 21. டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும்.

192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்வார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும்.

படி 6: வாங்கிய அன்றே சோதனை

திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள் செய்துவிடுங்கள். பாட்டில் குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தையே பாடச் சொல்லி, ரெக்கார்டிங் மென்பொருளின் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினை வையுங்கள். மெதுவான இடத்தில் வைத்தால் உச்சத்தில் ஒலி உடையும். பிறகு யாரும் பாடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்ற ஹம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றுவிட்டால் இன்டர்ஃபேஸைத் திருப்பித் தர அவசரப்படாதீர்கள், முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.