ஏற்காட்டில் படம் எடுக்கப் பழகலாம்: பனிமூட்டம், முகம், காட்டெருமை

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் கையோடு பழகிப் பார்க்க, சேலம் பக்கத்தில் ஏற்காட்டைவிட நல்ல இடம் இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போதும். பள்ளத்தாக்கு, காப்பித் தோட்டத்து மனிதர்கள், பறவைகள், அதிர்ஷ்டம் இருந்தால் காட்டெருமை என எல்லாமே ஒரே நாளில் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் உத்தி வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

படி 1: கேமரா போடும் கணக்கு

ஆட்டோவில் விட்டால், கேமரா தனக்கு முன்னால் உள்ள வெளிச்சத்தை அளந்து, படத்தை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெண்மை நிறைந்த காட்சி மங்கிப் போகும், கருமை நிறைந்த காட்சி வெளுத்துப் போகும். இதைத் திருத்தத்தான் கேமராவில் + − குறி போட்ட பொத்தான் இருக்கிறது. பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். பல போன்களில், திரையைத் தொட்டதும் தெரியும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் அதே வேலை நடக்கும். விலை உயர்ந்த லென்ஸ் வாங்குவதற்கு முன் இந்த ஒரு பொத்தானைப் பழகுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்வேன்.

படி 2: பனியும் மலையும்

காலை வெளிச்சத்துக்கு ஊரின் கிழக்கே இருக்கும் பகோடா பாயிண்ட். மாலைக்கு லேடீஸ் சீட். இருட்டிய பிறகு கீழே சேலம் நகர விளக்குகள் தெரியும்.

கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்கள்; லென்ஸ் திறப்பை நாம் வைத்தால், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். லென்ஸ் திறப்பு எஃப்/8, வெளிச்சத்தை உணரும் திறனான ஐஎஸ்ஓ 100. டிரைபாடில் பொருத்தி, இரண்டு நொடி டைமர் போடுங்கள். பொத்தானை அழுத்தும்போது வரும் அசைவுகூடப் படத்தில் விழாது.

இப்போது பள்ளத்தாக்கு முழுக்கப் பனி என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். படி 1-ல் சொன்ன பொத்தானில் +1 வைத்து எடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற வெண்மை வரும். படத்தின் வெளிச்சத்தை இடமிருந்து வலமாக, இருட்டிலிருந்து வெண்மை வரை காட்டும் ஹிஸ்டோகிராமில் வரைபடம் வலது ஓரத்தில் போய் முட்டினால் வெண்மை எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம், +0.7க்கு இறங்குங்கள்.

பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். நேராக நிற்கும் சில்வர் ஓக் மரம் ஒன்றைத் தேடி, அதன் தண்டின் ஓரத்தில் ஃபோகஸ் வையுங்கள். பனிக்கும் மரத்துக்கும் நடுவே தெரியும் அந்தக் கோடு லென்ஸுக்குப் போதும்.

அப்புறம், ஏசி போட்ட காரிலிருந்து இறங்கிய கையோடு படம் எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் லென்ஸில் ஆவி படியும். ஏறும்போதே ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

படி 3: மனிதர்கள்

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கரு நிழல் விழும். அதனால் பத்து மணிக்கு மேல் மர நிழலுக்குப் போய்விடுங்கள். நடு நிழல் வேண்டாம். அங்கே இலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் பச்சை அடிக்கும், வெயில் புள்ளி புள்ளியாகவும் விழும். நிழல் முடியும் ஓரத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் எஃப்/2.8 வைத்து, கேமராவுக்குப் பக்கமாக இருக்கும் கண்ணில் ஃபோகஸ்.

பின்னால் பனி இருந்தால் படி 1 திரும்ப வரும். பனியின் வெண்மையைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கும், நம் ஊர் மாநிற முகம் அடையாளமே தெரியாமல் கறுத்துவிடும். ஒரு சிறு புள்ளியில் மட்டும் வெளிச்சத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாறி முகத்தில் அளந்துகொள்ளுங்கள். பனி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை, முகம்தான் முக்கியம்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் முகத்தோடு நிற்காமல் கைகளையும் எடுங்கள். கொத்தில் பச்சைக் காயை விட்டுவிட்டுச் சிவந்த பழத்தை மட்டும் திருகி எடுக்கும் அந்த விரல்களுக்கு 1/250 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். எடுத்ததைக் கட்டாயம் அவர்களிடம் காட்டுங்கள்.

படி 4: பறவையும் விலங்கும்

ஆரம்பிக்கச் சரியான பறவை செம்மீசைச் சின்னான். தோட்டத்து ஓரங்களில் சாதாரணமாகத் தென்படும், உண்ணிப் பழம் தின்ன வந்த செடிக்கே திரும்ப வரும். பறவையைத் துரத்தாமல் செடிக்கு எதிரே காத்திருங்கள். ஷட்டர் 1/1000, ஐஎஸ்ஓ ஆட்டோ, அசையும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ். வானம் பின்னணியாக இருந்தால் +1.

வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்குத் தீனி போட்டுப் படம் எடுக்க வேண்டாம். அந்தப் பழக்கம்தான் அவற்றை வண்டிச் சக்கரத்துக்கு அடியில் கொண்டுவந்து விடுகிறது.

காட்டெருமைக்குக் கணக்கு தலைகீழ். கரிய உடம்பு படச் சட்டத்தை நிறைக்கும்போது கேமரா அதை வெளுக்கப் பார்க்கும், −1 வையுங்கள். அப்போதுதான் தோலின் கருமையும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெண்மையும் ஒரே படத்தில் நிற்கும். காரை விட்டு இறங்காதீர்கள். ஃபிளாஷ், ஹாரன் இரண்டும் கூடாது. இன்ஜினை நிறுத்தி, கதவு விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன்மேல் லென்ஸைத் தாங்க வையுங்கள். அது மேய்வதை விட்டுத் தலை தூக்கி உங்களையே பார்த்துச் சீறினால், படம் கிடைக்காவிட்டாலும் சரி, மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்துவிடுங்கள்.